"நெஞ்சு ஓடுது" என்றுதான் அவள் சொன்னாள்

மகள் சொன்ன சொல்லை நான் ஏன் மாற்றிச் சொன்னேன்? மூன்று வருடம் ஆகப்போகிறது. இந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அவள் சொன்னது மிக எளிய சொல். "அம்மா, நெஞ்சு ஓடுது."

அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஓண விடுமுறைக்குப் பள்ளி அடைத்திருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். அடுக்களை வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்ட கயிற்றுக்கு அடியில் இருந்து செப்பு வைத்து விளையாடிய மகள் எழுந்து வந்து என் முதுகில் சாய்ந்தாள்.

"ஓடினா நெஞ்சும் ஓடத்தான் செய்யும். கொஞ்ச நேரம் அடங்கி இரு."

"நான் ஓடல்ல. இருந்துதான் விளையாடினேன். அது தன்னால ஓடுது."

அவள் நெஞ்சு என் முதுகில் பட்ட இடத்தில், பக்கத்து விளையில் பம்புசெட் ஓடும்போது நம் வீட்டுச் சுவரில் தெரியுமே, அதுபோல ஒரு அதிர்வு. அதை நான் உணர்ந்தேன். உணரவில்லை என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. இதற்கு முன்னும் இரண்டு மூன்று தடவை அவள் இதையே சொல்லியிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் தானாக நின்றுபோனதால் நானும் விட்டுவிட்டேன். அன்று பதினைந்து நிமிடமாகியும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் என் பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் பிறந்து, தமிழில் படித்து, கல்லூரிக்கும் போனவள். கல்யாணமாகி வந்தது எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், பாறசாலையிலிருந்து உள்ளே போகும் கிராமத்துக்கு. பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்தான். கணவர் வீட்டிலும் தமிழ்தான் பேசுவார்கள், ஒரு வாக்கியத்திலேயே இரண்டு முறை மலையாளத்துக்குப் போய்வருகிற தமிழ். வந்த புதிதில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தது என்று தெரியாமல் பல இடத்தில் அசடு வழிந்தேன். அதனால் வெளியாட்களிடம், முக்கியமாகப் படித்தவர்களிடம் பேசும்போது, பாடப்புத்தகத்தில் உள்ள சொல்லைத் தேடி எடுத்துப் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். கணவரின் தங்கை எனக்கு ஒரு பெயரே வைத்திருந்தாள், ரேடியோ மைனி. "மைனி வாயைத் தொறந்தா செய்திகள் வாசிக்கிறதாக்கும்" என்பாள்.

அன்று மகளைத் தூக்கிக்கொண்டு முக்கில் இருந்த சின்ன கிளினிக்குக்குப் போனேன். அங்கே வடக்கே எங்கிருந்தோ புதிதாக வந்திருந்த நர்ஸ், கூட்டத்துக்கு நடுவில், "குஞ்ஞினு எந்தா?", குழந்தைக்கு என்ன என்று கேட்டாள்.

நெஞ்சு ஓடுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழந்தைப் பேச்சு என்று சிரிப்பார்கள். நெஞ்சு நோவுது என்று சொல்லியிருக்கலாம். நோவு என்பது எங்கள் வீட்டிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு, எல்லோருக்கும் புரியும். ஆனால் அது படிக்காதவர்கள் சொல்வது என்று எனக்குள் ஒரு எண்ணம். நிமிர்ந்து நின்று, தெளிவாக, "மகளுக்கு நெஞ்சு வலி, சிஸ்டர். காலையிலிருந்து வலிக்குது," என்றேன்.

"வலிவாணோ? இதினு மும்பும் உண்டாயிட்டுண்டோ?"

வலியா, இதற்கு முன்பும் வந்திருக்கிறதா என்று கேட்கிறாள் என நினைத்தேன். "உண்டு. ரெண்டு மூணு தடவை."

அவள் சீட்டில் எழுதினாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மகளின் நெஞ்சில் குழலை வைத்தார். ஊசி போடுவார்கள் என்று பயந்து மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். துடிப்பு வேகமாக இருந்தது அழுகையால் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "பேடிக்கண்டா, மாறும்," பயப்பட வேண்டாம், சரியாகிவிடும் என்று சொல்லி ஒரு சிரப் எழுதினார். அங்கேயே ஒரு ஸ்பூன் கொடுத்தார்கள். தடுமாறாமல் பேசிவிட்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மதியத்துக்குள் அவள் நிறம் மாறிவிட்டது. கஞ்சி வேண்டாம் என்றாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள், அதையும் வாந்தி எடுத்தாள். நெற்றி வியர்த்திருந்தது, பாதம் மட்டும் சில்லென்று இருந்தது. நான் சிரப் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் கிளினிக்குக்குப் போகலாமா? மருந்து பிடிக்க நேரம் எடுக்கும், இப்போதே போனால் பதறுகிறவள் என்று நினைப்பார்களா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் கணவரிடம் சொல்லாமல் போகலாமா? அவர் கரண்ட் ஆபீஸில் லைன்மேன். அன்று எந்தக் கம்பத்தில் நிற்கிறாரோ.

டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்த கணவரின் தங்கை வாசலிலேயே செருப்போடு நின்று அண்ணன் மகளைப் பார்த்தாள்.

"மைனி, இவ என்ன இப்பிடிக் கிடக்கா? மக்கா, இங்க பாரு, அத்தையைப் பாரு."

மகள் கண்ணைத் திறந்தாள், மூடினாள்.

"மருந்து கொடுத்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகுது. இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு—"

"நான் ஆட்டோ விளிக்கப் போறேன். நீங்க நின்னு யோசிச்சுக்கிட்டே சேலையை மாத்துங்க."

போகிற வழியில் கடையிலிருந்து அண்ணன் ஆபீஸுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். ஆட்டோ வந்தபோது நான் சேலை மாற்றவில்லை. மரச்சீனிக் கறை பிடித்த சேலையோடுதான் ஏறினேன்.

அமரவிளையில் செக்போஸ்ட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டினார். மகளை மடியில் வைத்திருந்தேன். உறங்காமல் இருக்க அவளுடைய அத்தை கால்விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். "பூனை எத்தனை குட்டி போட்டுது, சொல்லு மக்கா?" மகள் மூன்று என்றாள். அடுத்த முறை கேட்டபோது பதில் இல்லை.

நெய்யாற்றின்கரையில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிட இளையவராக இருப்பார். என்ன என்று கேட்டதும் நான், "நெஞ்சு வலி டாக்டர், காலையில்—" என்று தொடங்கினேன். அவர் கையை லேசாக உயர்த்தினார்.

"அவள் பறையட்டே. மோளே, எந்து பற்றி?" அவளே சொல்லட்டும், என்ன ஆச்சு என்று மகளிடம் குனிந்தார்.

மகள் பாதிக் கண்ணைத் திறந்து சொன்னாள். "நெஞ்சு ஓடுது. நான் ஓடல்ல."

டாக்டரின் விரல் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே கிடைக்காமல் கழுத்துக்குப் போனது. பிறகு குழலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எண்ணத் தொடங்கினார். பாதியில் உதடு நின்றுவிட்டது. எண்ண முடியவில்லை, இருநூறுக்கு மேலே என்று நர்ஸிடம் சொன்னார். மகளின் நெஞ்செலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் மறுபடி சிவக்க நேரமெடுத்தது. நானும் பார்த்தேன். பிரஷர் பார்க்கும் பட்டையை மூன்று முறை ஊதினார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஈசிஜி மெஷினிலிருந்து வந்த காகிதத்தில் கோடுகள் நெருக்கிப் போட்ட தையல்போல, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடமே விடாமல் ஓடின.

"பெரிய பிரச்சினைதான். ஆனா என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சுபோச்சு," என்று டாக்டர் எனக்காகத் தமிழில் சொன்னார். அன்று முழுவதும் நான் பிடித்துக்கொண்ட கம்பு அந்த வாக்கியம்தான். "இதயம் ரொம்ப வேகமா அடிக்குது. நிறைய நேரம் இது தாங்காது. ஒரு நர்ஸ் ஊசிக்கு நரம்பு தேடட்டும். அதுக்குள்ள முகத்தில ஐஸ் வைப்போம். சில குழந்தைகளுக்கு அதிலேயே நிக்கும். ஐஸ் எவிடே?"

அங்கே ஃபிரிட்ஜில் அன்று ஐஸ் இல்லை. யாரும் சொல்வதற்கு முன்னால் என் நாத்தனார் ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் கடப்புறத்திலிருந்து வந்த மீன்காரி ஒருத்தி அலுமினியச் சருவத்தோடு இருந்ததை உள்ளே வரும்போதே பார்த்திருக்கிறாள். ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய ஐஸ்கட்டியோடு திரும்பி வந்தாள். கூடவே அந்த அம்மாவும் வாசல்வரை வந்து நின்றார்.

"மீன் மணக்குமே," என்று நர்ஸ் முகம் சுளித்தாள்.

"மணத்தா மணக்கட்டு மோளே," என்றார் மீன்காரி. "கொச்சு எழுந்து இருந்து என்னை ஏசட்டு."

கவரில் தண்ணீரும் விட்டு, துணியில் சுற்றி, வாயை மறைக்காமல் நெற்றியிலிருந்து மூக்கின் மேல்வரை வைத்தார் டாக்டர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து எடுத்தார். ஈசிஜி கோடுகள் சட்டென்று விலகின. ஒன்று. இடைவெளி. ஒன்று. இடைவெளி. நான் மூச்சு விட்டேன். நாலைந்து துடிப்பு இருக்கும், மறுபடியும் பழைய தையல் தொடங்கிவிட்டது. இன்னொரு முறை வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை மகள் குளிருக்கு அழக்கூட இல்லை.

"இனி காக்க வேண்டாம். ஷாக் கொடுக்கணும்," என்றார் டாக்டர்.

அந்த நேரம்தான் கணவர் வந்தார். காக்கிச் சட்டை, பையில் கட்டிங் பிளேயர், சைக்கிள் மிதித்து வந்த வேர்வை. அவர் காதில் முதலில் விழுந்த சொல் ஷாக்.

"டாக்டரே, நான் லைன்மேனாக்கும். ஷாக் அடிச்சு ஆள் விழுந்ததைக் கண்ணால கண்டவன். என் பிள்ளைக்குக் கரண்டு கொடுக்க நானே கையெழுத்துப் போடணுமா?"

டாக்டர் கோபப்படவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. நர்ஸ் மகளின் பாதத்தில் குத்திய ஊசியைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டே பேசினார். "லைனில வாற கரண்டு கண்ட நேரத்தில கண்டபடி வரும். இது அப்படி இல்ல. இந்த மெஷின் குழந்தையோட துடிப்பைப் பார்த்துக்கிட்டே இருக்கும். துடிப்போட சேர்ந்து, சரியான நொடியில மட்டும் விடும். உறக்க மருந்து கொடுத்திட்டுதான். தாமசிச்சா பிரஷர் இன்னும் தாழும்."

"எத்தனை கொடுப்பிய?"

"பத்து ஜூல். அவள் எடைக்கு அது போதும்."

கணவர் என்னைப் பார்த்தார். ஒரு ஜாக்கெட் துணி எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள் நான். அன்று மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நர்ஸிடமிருந்து பேனாவை வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவரும் போட்டார்.

மருந்து ஏறியதும் மகளின் கை தளர்ந்தது. பசைபோல எதையோ தடவி ஒரு தட்டை நெஞ்சிலும் ஒன்றை முதுகிலும் வைத்தார்கள். "எல்லாரும் மாறி நில்லுங்க. கட்டிலைத் தொடாதீங்க," என்றார் டாக்டர். சொல்லி முடிப்பதற்குள் கணவர் என்னை இடுப்போடு பிடித்து இரண்டடி பின்னால் இழுத்துவிட்டார். கம்பத்தில் நின்று தினமும் மற்றவர்களை விலகச் சொல்கிற ஆள்.

அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. அவ்வளவுதான். மெஷினில் கோடு நேராகப் போயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு நொடிகூட இருந்திருக்காது. பிறகு ஒரு துடிப்பு வந்தது. இடைவெளி. இன்னொன்று. இடைவெளி. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். இந்தத் தடவை உதடு நிற்காமல் கடைசிவரை எண்ணியது.

"நூற்றிப்பத்து," என்றார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

மகள் கண் விழித்தபோது வெளியே இன்னும் வெயில் இருந்தது. நான் குனிந்தேன். "ஓட்டம் நின்னுபோச்சும்மா," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "என் மூஞ்சியில ஏன் சாளை மீன் மணக்குது?" என்றாள். வாசலில் நின்ற கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "மைனி கரைஞ்சா போதும். அண்ணன் எதுக்குக் கரையுது?" என்று தங்கை அவரைக் கேட்டாள். அவள் கன்னமும் ஈரமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில்தான் எனக்கு நான் செய்தது தெரிந்தது. மறுபடி வராமல் இருக்கத் தினமும் கொடுக்க ஒரு மாத்திரை எழுத வந்த டாக்டர், பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இவளுக்கு வலிவு உண்டா?"

"இப்ப வலி இல்ல டாக்டர்."

"இப்ப இல்ல, எப்பவாவது. வலிவு இருந்தா இந்த மாத்திரை கொடுக்க முடியாது. இரவில மூச்சு இழுக்குமா? நெஞ்சு விசில் அடிக்குமா?"

"இழுப்பா? இழுப்பு எங்க ரெண்டு குடும்பத்திலும் கிடையாது."

அவர் கட்டிலடியில் என் பையிலிருந்த சிரப் பாட்டிலை எடுத்தார். நேற்று அவசரத்தில் அதை வாங்கிப் பார்த்து, இனிமேல் இதைக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். "பின்னே இது எதுக்குக் கொடுத்தாங்க? இது இழுப்புக்குள்ள மருந்து. நீங்க அங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் வலி என்றேன். நர்ஸ் வலிவு என்று எடுத்தாள். தமிழில் வலி என்றால் நோவு. மலையாளத்தில் வலிவு என்றால் மூச்சிழுப்பு. அவள் திரும்பக் கேட்டபோது நான் 'உண்டு' என்று தலையாட்டினேன். மூச்சுக்குழலை விரிக்கிற மருந்து இதயத் துடிப்பையும் கூட்டுமாம்.

"அப்போ நான்தான்—"

"ஓட்டம் தொடங்கினது மருந்துக்கு முன்னால. அது இவள் பிறக்கும்போதே உள்ளது," என்றார் டாக்டர். "மருந்து கொடுக்காம இருந்திருந்தா தானா நின்னிருக்குமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

தெரியாது என்று அவர் சொன்னது அன்று சுட்டது. இப்போது யோசித்தால், ஆறுதலுக்காக ஏதாவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து காட்டினார். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே துடிப்பு போக ஒரு வழிதான் இருக்க வேண்டும். இவளுக்குக் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. சில நேரம் துடிப்பு ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறி, திரும்பத் திரும்பச் சுற்றத் தொடங்கிவிடும்.

கணவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "திருட்டுக் கனெக்‌ஷன் ஆக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். வளரட்டும். ரத்தக்குழாய் வழியா மெல்லிசான வயர் விட்டு, அந்த வழியை மட்டும் சுட்டு அடைக்கிற சிகிச்சை பெரிய ஆஸ்பத்திரிகளில வந்திருக்கு."

"லைன் கட் பண்ணிப்போடலாம் இல்லியா?" என்று அவர் கேட்ட குரலில்தான் ஒரு நாளுக்குப் பிறகு பழைய மனிதர் தெரிந்தார்.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று வாசலில் அந்த மீன்காரி அம்மா மகளை நிறுத்தி, முகத்தை மோந்து பார்த்து, "மீன் மணம் போச்சு, போச்சு" என்றார். என் மகளுக்கு அது இன்றும் பெரிய பெருமை.

இப்போது அவளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு, மலையாள மீடியம். காலையும் இரவும் மாத்திரை. எனக்குக் கடிகாரம் பார்த்துத் துடிப்பு எண்ணத் தெரியும். திரும்ப ஓட்டம் வந்தால் செய்ய டாக்டர் அவளுக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார்: உட்கார்ந்து, கட்டைவிரலை வாயில் வைத்து, காற்றை வெளியே விடாமல் பலூன் ஊதுவதுபோல ஊத வேண்டும். நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. இதுவரை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அவளே ஊதி நிறுத்தினாள். நிறுத்திவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னாள்.

நான் அவள் பைக்காக ஒரு அட்டை தயார் செய்திருந்தேன். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு பக்கத்து ஆட்களிடமும் காட்டிச் சரிபார்த்து எழுதியது. போன வாரம் பையைப் பார்த்தேன். அட்டையைக் காணோம். அதன் இடத்தில் நோட்டுப் புத்தகத் தாளில், அவள் கையெழுத்தில், மலையாளத்தில் ஒரே வரி: எனக்கு நெஞ்சு ஓடும், நான் உட்கார்ந்து ஊதுவேன், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி.

"உங்க அட்டையை டீச்சர் படிச்சு முடிக்கறதுக்குள்ள ஓட்டம் நின்னுபோவும்மா," என்றாள். இந்தக் குத்தலை எங்கிருந்து படித்தாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய அத்தை பக்கத்தில்தான் நின்றாள்.

ஓடும் என்பதற்கு இரண்டு மொழியிலும் ஒரே பொருள். அதை நான் மூன்று வருடமாக யோசிக்கவில்லை.

அதே பையில் இன்னொரு காகிதமும் இருந்தது. பள்ளி விளையாட்டு விழா, ஐம்பது மீட்டர் ஓட்டம், பெற்றோர் இருவரின் கையெழுத்து. டாக்டரிடம் கேட்டாயிற்று, ஓடலாம் என்கிறார். கணவர் போட்டுவிட்டார். பத்து ஜூலுக்கு ஒரு நொடியில் கையெழுத்துப் போட்ட நான், இதை மூன்று நாளாக மடித்து வைத்திருக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். சின்ன வயதில் நீங்களே அந்தப் பிள்ளையாகவும் இருந்திருக்கலாம். என் அட்டையைத் திரும்ப அவள் பையில் வைக்கட்டுமா, அல்லது அவள் எழுதிய ஒரு வரியே போதுமா? அவள் ஓடும்போது நான் கோட்டின் ஓரத்தில் நிற்கலாமா, அது அவளை வெட்கப்படுத்துமா? உங்கள் அம்மா என்ன செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது? எனக்கு எழுதுங்கள். பாடப்புத்தகச் சொல் வேண்டாம், வீட்டில் பேசுவதுபோல எழுதினால் போதும்.